குதிகாலருகே ஓர் எறும்பு

பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டில் அம்பிகாவின் கோபத்துக்குத் தனி மரியாதை உண்டு. அவள் குரல் ஏறினால் மண்டிக்காரர்கள்கூடத் தக்காளிப் பெட்டிகளை ஓரமாகத் தள்ளி வழிவிடுவார்கள். ஆனால் அன்று காலை மளிகைக்கடை ஜெயபால் நீட்டிய பாட்டிலைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. அவள் அந்தப் பாட்டிலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்னக்கா, சின்ன பாட்டில் போட ஆரம்பிச்சுட்டீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே? ஓசூர்ல என் மச்சான் கடைக்கு வந்திருக்குதுன்னு குடுத்தனுப்பினான். உள்ளூர்க்காரன் நான் இங்க காத்துக் கெடக்கறேன்” என்றான் ஜெயபால். அவன் குறையில் உண்மையான வருத்தம் இருந்தது.

பாட்டில் அம்பிகாவுடையது இல்லை. உள்ளே இருந்த தொக்கும் அவளுடையது இல்லை. எண்ணெய் ஒரு பக்கம், தக்காளி ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கிற அந்தக் கண்றாவியை அவள் அடுப்பிலிருந்தே இறக்கியிருக்க மாட்டாள். ஆனால் மேலே ஒட்டியிருந்த படம் அவளுடையது. தலையில் தக்காளிக் கூடையோடு, முதுகைக் காட்டியபடி, மேட்டில் ஏறிப் போகிற ஒரு பெண். இடது கை கூடையைப் பிடித்திருக்கும். வலது கை சேலையைச் சற்றே தூக்கிப் பிடித்திருக்கும். செருப்பில்லாத கால், மண் ஒட்டிய குதிகால். அம்பிகாவின் பாட்டிலில் ‘கூடைக்காரி தொக்கு’ என்று இருக்கும். இதில் ‘கூடைக்காரம்மா தொக்கு’ என்று இருந்தது. திருடியவன் மரியாதை தெரிந்தவன் போலிருக்கிறது.

விலை விழுந்த ஒரு வருடம், ஊரே தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனபோது, அம்பிகாவும் அவள் கணவன் முத்துராஜும் வீட்டு வாசலில் அண்டா வைத்துக் கிண்டத் தொடங்கிய வியாபாரம் அது. இப்போது தகரக் கொட்டகை, நாலு பெண்கள் வேலைக்கு, தருமபுரி முதல் சேலம் வரை கடைகள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பெயரைப் படிப்பதில்லை. “அந்தக் கூடைப் பொம்பளை படம் போட்டது குடுங்க” என்றுதான் கேட்பார்கள். அந்தப் படம் போனால் அம்பிகாவிடம் மிஞ்சுவது ஓர் அண்டாவும் கரண்டியும்தான்.

அந்தப் பயத்தோடுதான் அவள் மறுநாள் தருமபுரிக்குப் போய் வக்கீல் கலைமணியின் ஆபீஸ் படியேறினாள். கலைமணி அவள் வயதுக்காரி. ஒரே பள்ளியில் படித்தவள். நிலத்தகராறுகளுக்கு நடுவே டிரேட்மார்க் வேலையும் பார்க்கிறவள். அம்பிகா பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

கலைமணி பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டினாள். தட்டத் தட்ட அவள் முகம் மாறியது.

“இந்தக் கம்பெனிக்காரங்க வெறுமனே ஒட்டி விக்கலை அம்பிகா. இந்தப் படத்தையும் பேரையும் அவங்க பேர்ல பதிய மனு போட்டிருக்காங்க. டிரேட்மார்க் ஆபீஸ் வெளியிடற ஜர்னல்லயே வந்தாச்சு. யாரும் மறுப்பு சொல்லலைன்னா பதிவாயிரும். அப்புறம் அவங்கதான் கூடைக்காரி. நீ டூப்ளிகேட்.”

“நானு டூப்ளிகேட்டா?”

“நீ பதிஞ்சிருக்கியா?”

“லைசென்ஸ் இருக்குதே. பாட்டில்லயே நம்பர் போட்டிருக்கேனே.”

“அது தொக்கு சுத்தமா இருக்குதுன்னு சொல்ற லைசென்ஸ். பேரு உன்னோடதுன்னு சொல்லாது.”

இத்தனை வருடமாக அந்த நம்பரைத்தான் அம்பிகா கவசம் மாதிரி நம்பிக்கொண்டிருந்தாள். அம்பிகாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பாலக்கோட்டில் முறுக்குப் போடுகிறவர், மாவு அரைக்கிறவர் எல்லாரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

“சரி, பயப்படாதே” என்றாள் கலைமணி. “முன்னாடியிருந்து வித்தது நீதான். பேருக்கு அது ஒரு பலம். கடைக்காரங்களே சாட்சி சொல்வாங்க. ஆனா படம்தான் முக்கியம். படம் உன்னோடதுன்னு ஆயிட்டா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. யார் வரைஞ்சது?”

அம்பிகா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“எங்க நாத்தனா. சோபனா.”

“எழுதி வாங்கினியா?”

“கூடப் பொறந்த அண்ணனுக்கு வரைஞ்சு குடுத்ததுக்கு எழுதி வாங்குவாங்களா? கேட்டா மூஞ்சில துப்பாது?”

“கூலியாவது குடுத்தியா?”

“நல்லா கேட்ட போ. கறிசோறு ஆக்கிப் போட்டேன்.”

கலைமணி நெற்றியைத் தடவிக்கொண்டாள். “கூலி குடுத்து வரையச் சொல்லியிருந்தா உன்னோடதுன்னு வாதாடலாம். பாசத்துல வரைஞ்சு குடுத்த படம், சட்டப்படி வரைஞ்சவங்களோடதுதான். உனக்குச் சேரணும்னா அவங்க கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுக்கணும். அந்தக் கம்பெனிக்காரங்களுக்குப் புத்தி இருந்தா இந்நேரம் அவங்களைத் தேடிட்டிருப்பாங்க. அவங்க முந்திக்கிட்டு எழுதி வாங்கிட்டா, நான் மறுப்புப் போட்டும் பிரயோஜனமில்லை. இன்னைக்கே போய் சோபனாவைப் பாரு. என்ன, பேச்சு இருக்குதில்ல?”

பேச்சுதான் இல்லையே.

அந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் சோபனாவின் மகன் மாதவனுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டியவன் தாய்மாமன், அதாவது முத்துராஜ். அன்று விடியற்காலையில்தான் அண்டாக்களில் தக்காளி பாதி வெந்து நின்றது. கரண்டியை நிறுத்தினால் அடிபிடிக்கும். இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று கிண்டி இறக்கிவிட்டு இருவரும் கோயிலுக்கு ஓடியபோது, நல்ல நேரம் தாண்டிவிடும் என்று மாப்பிள்ளை வீட்டுப் பங்காளி ஒருவர் மடியில் உட்கார வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். பிள்ளை அழுதுகொண்டிருந்தான். சோபனாவும் அழுதுகொண்டிருந்தாள்.

“தக்காளிக்கே மாமனா இருந்துக்கோண்ணா” என்று அத்தனை பேர் முன்னால் சொன்னாள் சோபனா.

முத்துராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அம்பிகா குனிகிற ஜாதியா? “அந்தத் தக்காளிதான் எங்களுக்குச் சோறு போடுது” என்று திருப்பிக் கொடுத்தாள். பந்தியில் உட்காராமலேயே இருவரும் வந்துவிட்டார்கள்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. சோபனாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆள் சின்னதாக இருந்ததால் பள்ளியில் அவளை எறும்பு என்று கூப்பிடுவார்களாம். அதனால் எதை வரைந்தாலும் மூலையில் பெயருக்குப் பதிலாக எள்ளளவு ஓர் எறும்பைப் போட்டுவிடுவாள். கூடைக்காரியின் குதிகாலுக்குப் பக்கத்திலும் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. காதுகுத்து முடிந்த அடுத்த வாரமே அம்பிகா அச்சகத்துக்குப் போய், “திங்கற சாமான்மேல எறும்பு எதுக்குங்க? எடுத்துருங்க” என்று சொன்னாள். அச்சகக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டி எடுத்துவிட்டார். அன்று அம்பிகாவுக்கு நெஞ்சில் குளுகுளுவென்று இருந்தது. இப்போது அதே இடம் திகுதிகுவென்று எரிந்தது.

வீட்டுக்கு வந்து முத்துராஜிடம் விஷயத்தைச் சொன்னாள். கூடவே ஜெயபால் போனில் சொன்னதையும் சொன்னாள். முந்தின நாள் காரில் வந்த யாரோ இரண்டு பேர் அவன் கடையில் சோடா குடித்துக்கொண்டே, ‘கூடைக்காரி படம் வரைஞ்சவங்க வூடு எங்க?’ என்று விசாரித்தார்களாம். அந்த மகராசன் சோபனா இருக்கிற பென்னாகரத்துக்கு வழியைச் சொல்லி அனுப்பியிருக்கிறான்.

“எந்திரிங்க, போலாம்.”

முத்துராஜ் அசையவில்லை. “நான் வரலை. அதுக்குப் பொண்ணு பொறந்தப்ப போவல. இப்பக் கையெழுத்துக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? நீ போயிட்டு வா. குடுத்தா குடுக்கட்டும், இல்லாட்டி விடு. திட்டுச்சுன்னா வாங்கிக்கிட்டு வா. எதுத்துப் பேசிடாதே.”

அம்பிகா கிளம்பும்போது பழக்கதோஷத்தில் நாலு பாட்டில் தொக்கைப் பையில் வைத்தாள். வாசல்படி தாண்டுவதற்குள் நினைவு வந்து, அதில் எறும்பு இல்லையே என்று எடுத்து வெளியே வைத்தாள். வெறுங்கையோடுதான் பென்னாகரம் பஸ்ஸில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் என்ன பேசுவது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு தடவையும் பேச்சு மூன்றாவது வரியில் சண்டையாக மாறியது.

சோபனா வாசல் அறையில் ஆரி வேலை செய்துகொண்டிருந்தாள். மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய ரவிக்கைத் துணியில் பென்சிலால் மயில் வரைந்துகொண்டிருந்தவள், நிழல் விழவும் நிமிர்ந்தாள். பென்சில் அப்படியே நின்றது.

“வாங்கண்ணி.”

அவ்வளவுதான். உட்கார் என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மூலையில் பாயில் உட்கார்ந்து ஒரு வயதுப் பெண் குழந்தை நூல்கண்டை வாயில் வைத்துக்கொண்டிருந்தது. முத்துராஜின் அதே நெற்றி, அதே அகன்ற காது. அம்பிகா குழந்தையைப் பார்த்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு காற்றில் போய்விட்டது. தன் வீட்டு இரத்தத்தை ஒரு வருடம் கழித்து, அதுவும் கையெழுத்து வாங்க வந்த இடத்தில் பார்க்கிறோமே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது.

“பேரென்ன வெச்சிருக்க?”

“அமுதவல்லி. அம்மா பேரு.”

மாமியாரின் பெயர். முத்துராஜுக்குத் தெரிந்தால் உடைந்துபோவான். அம்பிகா தானாகவே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும்” என்றாள் சோபனா, துணியைப் பார்த்துக்கொண்டே. “அவங்க நேத்தே வந்துட்டாங்க.”

முடிந்தது கதை என்றுதான் அம்பிகா நினைத்தாள்.

“கார்ல வந்தாங்க. ரெண்டு பேரு, இஸ்திரி கலையாத சட்டை. ‘உங்க அண்ணன் வூட்டுக்கும் உங்களுக்கும் பேச்சு இல்லையாமே மேடம்’னு ஆரம்பிச்சாங்க. உங்களுக்கு ஒரு பேரு கூடக் குடுக்காம ஏமாத்திட்டாங்க, எங்களுக்கு எழுதிக் குடுத்தா நாங்க கவுரவமா நடத்துவோம்னாங்க. பேப்பரெல்லாம் ரெடியா வெச்சிருந்தாங்க. பேனா மூடியைக் கூடத் தெறந்து குடுத்தாங்க.”

“நீ... போட்டுட்டியா?”

சோபனா எழுந்து உள்ளே போனாள். இரண்டு பாட்டில்களோடு திரும்பி வந்து, ஒன்றை அம்பிகாவின் முன்னால் வைத்தாள். அது கூடைக்காரம்மா.

“குதிகால்கிட்டப் பாருங்க.”

அம்பிகா பாட்டிலைக் கண்ணருகே கொண்டுபோனாள். மண் ஒட்டிய குதிகாலுக்கு ஒரு விரல்கடை தள்ளி, எள்ளளவாக, ஆறு காலோடு, கொம்பு இரண்டையும் நீட்டிக்கொண்டு ஓர் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. கலைமணி அதை அச்சுப்பிசிறு என்று நினைத்திருப்பாள். அம்பிகாவோ பதற்றத்தில் குதிகாலை உற்றுப் பார்க்கவே இல்லை. யாரோ பழைய பாட்டில் ஒன்றிலிருந்து படத்தை உரித்து, எறும்பையும் சேர்த்தே உரித்திருக்கிறார்கள்.

“திங்கற சாமான்மேல எந்தக் கம்பெனிக்காரனாச்சும் சொந்தமா எறும்பு போடுவானாண்ணி?” என்ற சோபனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே இரண்டாவது பாட்டிலையும் முன்னால் வைத்தாள். அது கூடைக்காரி. அம்பிகாவின் பாட்டில், பாதி காலியாக, அடுப்படி எண்ணெய் படிந்திருந்தது. இவள் கடையில் வாங்கித் தின்றுகொண்டிருக்கிறாள்.

“இதுலதான் காணோம்” என்றாள் சோபனா. அவள் சிரிப்பு நின்றிருந்தது.

எதிர்த்துப் பேசிடாதே என்று முத்துராஜ் சொல்லி அனுப்பியிருந்தான். எதிர்த்துப் பேச அம்பிகாவிடம் ஒன்றுமே இல்லை. “நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றாள். “அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி நீ சொன்னது பொறுக்கல. உன்னை ஏதாச்சும் பண்ணணும்னு இருந்துச்சு. எறும்புதான் கையில கெடைச்சுது. தப்பு பண்ணிட்டேன் சோபனா. காதுகுத்துக்கு நேரத்துக்கு வராததும் தப்புதான். தொக்கு அடிபிடிச்சா பிடிச்சுட்டுப் போவுதுன்னு விட்டுட்டு வந்திருக்கணும்.”

அம்பிகா என்கிற பெண் வாழ்நாளில் ஒரே மூச்சில் இரண்டு தப்பை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு உலகம் இடிந்து விழவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சோபனா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எறும்பு இல்லாம முதல்ல கடையில பாத்தப்ப அங்கயே அழுதுட்டேன்” என்றாள். “அந்தப் பொம்பளை யாருன்னு நெனைச்சீங்க? நீங்கதான். கல்யாணமாகி வந்த புதுசுல நீங்க கூடையத் தூக்கிக்கிட்டு மேட்டுக்காட்டுல ஏறிப் போவீங்க. எடது கையில பிடிப்பீங்க. நான் பின்னாடி நடந்து வருவேன். நடந்து நடந்து உங்க குதிகால்தான் எனக்கு மனப்பாடம். அதனாலதான் எறும்பை அங்க விட்டேன்.”

அம்பிகா தன் இடது கையைப் பார்த்தாள். இத்தனை பாட்டில்களில் தன் முதுகையே ஒட்டி விற்றுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. யாருக்குத்தான் தன் முதுகு தெரியும்? கண்ணில் தண்ணீர் முட்டியது; அதை அவள் மறைக்கவும் இல்லை.

“அவங்ககிட்ட என்ன சொன்னே?”

“எங்க வூட்டுச் சண்டைய நாங்க போட்டுக்கறோம், நடுவுல நீங்க யாருன்னு கேட்டேன். பேனாவை மூடிக்கிட்டுப் போயிட்டாங்க. எறும்பைப் பத்தி மூச்சு விடல. சொன்னா அழிச்சுருவாங்கல்ல?”

அம்பிகா விட்ட பெருமூச்சில் பாயிலிருந்த குழந்தை திரும்பிப் பார்த்தது. இரண்டு நாளாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் உருண்டு எங்கோ போய்விட்டது. அவள் எழுந்துபோய் யாரையும் கேட்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அது அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது.

“எங்க போடணும்னு சொல்லுங்க, போட்டுத் தர்றேன்” என்றாள் சோபனா. “ஆனா ஒண்ணு. இவளுக்கு வர்ற மாசம் காது குத்தறோம். எங்கண்ணன் முதல் நாளே வந்து எங்க வூட்ல படுத்துக்கணும்.”

“கையெழுத்துக்கு அதுதான் விலையா?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. நீங்க கையெழுத்தே வேணாம்னாலும் அண்ணன் வரணும்.”

மறுநாள் இருவரும் சேர்ந்தே கலைமணியின் ஆபீஸுக்குப் போனார்கள். எறும்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த கலைமணி நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டாள். “ஜர்னல்ல எறும்போடவே அச்சாயிருச்சு அம்பிகா! இனிமே அவங்க நெனைச்சாலும் அழிக்க முடியாது. இந்த எறும்பு எப்படி வந்துச்சுன்னு அவங்களே சொல்லட்டும்.”

படத்தின் உரிமையைக் கூடைக்காரி தொக்குக்கு எழுதிக் கொடுக்கும் பத்திரம் தயாரானது. அதில் ஒரு வரி சேர்க்கச் சொன்னது அம்பிகாதான்: இந்தப் படம் எங்கே அச்சானாலும் குதிகாலருகே எறும்பு இருக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் அதை எடுக்கக் கூடாது. எறும்புக்காக ஒரு ஷரத்து எழுதுவது தன் வக்கீல் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று கலைமணி சிரித்தாள். இந்த முறை சோபனாவுக்குக் கூலியும் பேசி எழுதினார்கள். வேண்டாம் என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெயருக்கும் படத்துக்கும் அம்பிகா பெயரில் டிரேட்மார்க் மனு போனது. கம்பெனிக்காரர்களின் மனுவுக்கு மறுப்பும் போனது, இரண்டு பாட்டில்களின் படங்களோடு.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலமே முத்துராஜ் பென்னாகரம் போய்விட்டான். கொட்டகையில் எல்லா அடுப்பையும் அணைத்து, அண்டாக்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பூட்டைப் பூட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினான். சோபனா வாசலிலேயே நின்றிருந்தாள். “அடுப்பை அணைச்சியாண்ணா?” என்று கேட்டாள். முத்துராஜ் தலையை ஆட்டினான்.

காலையில் கோயில் மண்டபத்தில் புது வேட்டியோடு சம்மணமிட்டு உட்கார்ந்தான். மடியில் அமுதவல்லி. பக்கத்தில், தன்னையும் மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும் என்று மாதவன் அடம் பிடித்ததால், ஒரு தொடை அவனுக்கு ஒதுக்கப்பட்டது. ஆசாரி கம்பியை எடுத்ததும் குழந்தைக்கு முன்னால் முத்துராஜ்தான் கண்ணை மூடிக்கொண்டான். குழந்தை வீறிட்டது. கூட்டம் சிரித்தது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே அம்பிகாவின் போன் அடித்தது. கலைமணி. ஒரு காதைப் பொத்திக்கொண்டு தூணோரம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். கம்பெனிக்காரர்கள் மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்களாம். கடைகளில் இருக்கிற பாட்டிலையெல்லாம் எடுத்துவிட்டு வேறு படம் போடுவதாக எழுதியே கொடுத்துவிட்டார்களாம்.

“என்னவாம் அண்ணி?” என்று குழந்தையின் அழுகைக்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டாள் சோபனா.

“அவங்களை எறும்பு கடிச்சிருச்சாம்!” என்று கத்தினாள் அம்பிகா.

யாருக்கும் புரியவில்லை. சோபனாவுக்குப் புரிந்தது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்பிகா பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அந்த வாரம்தான் புது லேபிள் வந்திருந்தது. சோபனா வேறெதையும் பார்க்கவில்லை. நேராகக் குதிகாலருகே பார்த்தாள். பார்த்துவிட்டு, பந்திக்கு நேரமாயிற்று என்று அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.